கலைப்பொருளும் காற்றின் ஈரமும்

ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களில், ஊரிலிருந்து கொண்டுவந்த பழம்பொருள் ஒன்றாவது இல்லாத வீடு அநேகமாக இராது. தஞ்சாவூர்ப் படம், தாத்தா பாட்டியின் கல்யாணப் புகைப்படம், அம்மாவின் கூறைப்புடவை, சிலர் வீட்டில் ஓலைச்சுவடி. இவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தூசு தட்டுவதும் பூட்டி வைப்பதும் மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது என்பதை, ஒரு படத்தைப் பாழாக்கிய பிறகே கற்றுக்கொண்டேன்.

நான் அருங்காட்சியகத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். சிவில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே ஒரு பாதைக்காரன் புரிந்துகொண்ட அளவில்தான் இந்தக் கட்டுரை இருக்கும்.

அம்மா கேட்ட கேள்வி

கும்பகோணத்துக்கு அருகே என் தாய்வழித் தாத்தா வீட்டுக் கூடத்தில் நவநீத கிருஷ்ணன் படம் ஒன்று இருந்தது. 1994இல் அந்த வீட்டை விற்றபோது மாமா அதை எனக்குக் கொடுத்தார். போர்வையில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்தபடியே நாக்பூருக்குக் கொண்டுவந்தேன். குவார்ட்டர்ஸின் முன்னறையில், வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி மாட்டினேன். அதற்கு நேர் எதிர் ஜன்னலில்தான் கூலர்.

இரண்டு கோடை சென்றன. 1996 ஜூன் மாதம் அம்மா ஊரிலிருந்து வந்தாள். படத்தின் எதிரே நின்றவள் வெகுநேரம் பேசவில்லை. கிருஷ்ணனின் கிரீடத்திலிருந்து முழங்கால்வரை நெடுக ஒரு வெடிப்பு. அதன் இரு ஓரமும் தங்க ரேக்கு பொருக்குவிட்டு எழும்பியிருந்தது. சில துணுக்குகள் தரையில் கிடந்தன. அம்மா உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் குங்குமச் சிமிழில் போட்டுக்கொண்டாள். பிறகு, "அங்க எண்பது வருஷமா ஒண்ணும் ஆகலையேடா. இங்க ரெண்டு வருஷத்துல எப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மரம் பழசு என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். சரியான விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

தண்டவாளமும் பலகையும்

வெப்பத்தால் இரும்பு நீளும் என்பது பள்ளிப் பாடம். 13 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம், 40 டிகிரி சூடு ஏறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் கொடுக்கவே இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விடுகிறோம். இடம் கொடுக்காவிட்டால் பாதை நெளிந்துவிடும். வருஷம் முழுவதும் இந்த இடைவெளியை அளந்துகொண்டு திரிந்தவன் நான். ஆனால் என் வீட்டுச் சுவரில் இருந்த மரப்பலகையும் விரிந்து சுருங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மரத்தை அசைப்பது பெரும்பாலும் வெப்பம் அன்று, ஈரம். காற்றில் ஈரம் மிகுந்தால் மரம் அதை உறிஞ்சி உப்பும். காற்று வறண்டால் ஈரத்தை விட்டுவிட்டுச் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம், குறுக்குவாக்கில்தான் அதிகம். ஒன்றரை அடி அகலப் பலகை, மழைக்கால ஈரத்திலிருந்து கோடை வறட்சிக்குப் போனால், மரத்தின் வகையைப் பொறுத்துப் பல மில்லிமீட்டர்கூடச் சுருங்கலாம்.

தஞ்சாவூர்ப் படத்தில் அடியில் பலகை. அதன்மேல் ஒட்டிய துணி. துணிமேல் சுண்ணத்தூளும் பசையும் கலந்த பூச்சு. நகையும் வளைவும் மேடாகத் தெரிய மக்கு வேலை. அதன்மேல் தங்க ரேக்கும் கண்ணாடிக் கற்களும். பலகை அசையும்போது இறுகிப்போன மேல்பூச்சு அதே அளவுக்கு அசைவதில்லை. நாம் தண்டவாளத்துக்கு இடைவெளி விடுகிறோம்; ஓவியத்துக்கு அப்படி ஓர் இடைவெளி கிடையாது. ஆகவே அது வெடித்துத் தானே இடைவெளி உண்டாக்கிக்கொள்கிறது.

ஒப்பு ஈரப்பதம்

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. 15 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 13 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம். 35 டிகிரியில் ஏறக்குறைய 40 கிராம். தாங்கக்கூடியதில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். மரமும் காகிதமும் துணியும் கவனிப்பது இந்தச் சதவீதத்தைத்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. ஒரு சொட்டு நீரைக்கூட அகற்றாமல், காற்றைச் சூடாக்கினாலே அதன் ஒப்பு ஈரப்பதம் குறைந்துவிடும். 15 டிகிரியில் 80 சதவீதம் உள்ள காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால், அது சுமார் 45 சதவீதமாக இறங்கிவிடும்.

இப்போது என் முன்னறையைப் பாருங்கள். மே மாத நாக்பூர்க் காற்று நண்பகலில் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். கூலரைப் போட்டால் அறை 60, 70 என்று ஏறும். நாங்கள் வெளியே போகும்போது கூலரை நிறுத்திவிடுவோம், மறுபடி 20. இப்படித் தினம் இரண்டு முறை அந்தப் பலகையை உப்பவைத்துச் சுருங்கவைத்தேன். தாத்தா வீட்டிலும் ஈரம் உண்டு, இதைவிட அதிகமாகவே. ஆனால் காவிரிக்கரை ஊர், கனத்த சுவர், ஓட்டுக்கூரை, நடுவே முற்றம். அங்கே ஈரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், மரம் பழகிக்கொள்ளும். மிகுதியான ஈரத்தைவிட அடிக்கடி மாறும் ஈரம் ஓவியத்துக்கு எமன்.

சுரங்கத்துக்குள் போன ஓவியங்கள்

இந்தப் பாடத்தை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது இரண்டாம் உலகப் போர்க்காலத்து நிகழ்ச்சி ஒன்று. ரயில்வேக்காரன் என்பதால் எனக்கு அதில் தனி ருசி.

போர் மூளும் என்று தெரிந்ததும், லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்களை வெளியேற்ற முடிவு செய்தார்கள். 1939 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 2 வரை, பத்தே நாளில், சுமார் 1,800 ஓவியங்கள் லண்டனைவிட்டுப் போயின. பெரும்பாலானவை ரயிலில் வேல்ஸ் பகுதிக்குச் சென்றன. ஓவியக்கூடத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்த இயன் ராலின்ஸ் பெரிய ரயில் ஆர்வலர். பயணத்தைத் திட்டமிட்டதில் அவர் பங்கு பெரிது. மறுநாள் போர் அறிவிக்கப்பட்டது. பிற்பாடு ஓவியக்கூடத்தின்மேல் பலமுறை குண்டு விழுந்தது. ஆனால் அப்போது சுவர்கள் காலியாக இருந்தன.

வேல்ஸிலும் விமானத் தாக்குதல் அச்சம் வந்தது. ஓவியங்களைக் கனடாவுக்கு அனுப்பலாமா என்ற யோசனையைச் சர்ச்சில் ஏற்கவில்லை. ஆகவே வடக்கு வேல்ஸில் மேனோட் என்ற மலைக்குள் இருந்த ஸ்லேட் கல் சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளே செங்கல் அறைகள் கட்டினார்கள். ஓவியங்களை நகர்த்தக் குறுகிய இருப்புப்பாதை போட்டு, மூடிய வண்டிகள் ஓட்டினார்கள். வான் டைக் வரைந்த, குதிரைமேல் அமர்ந்த முதலாம் சார்லஸ் மன்னரின் ஓவியம் 12 அடி உயரம். அது வழியிலிருந்த ரயில் பாலத்தின் அடியில் நுழையாது. பாலத்தைத் தொடாமல், கீழே சாலையை வெட்டித் தாழ்த்தினார்கள். நாங்களும் இத்தகைய வேலை செய்திருக்கிறோம், லாரிகளுக்காக. ஓர் ஓவியத்துக்காகச் செய்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

1941 கோடையில் ஓவியங்கள் சுரங்கத்துக்குள் போயின. சுரங்கத்துக் காற்று குளிர்ந்தது, மிக ஈரமானது. ஆனால் வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பது. அறைகளை எப்போதும் சுமார் 17 டிகிரியில் சூடாக வைத்தார்கள். நாம் மேலே பார்த்த கணக்குப்படி, சூடு ஏறியதும் ஒப்பு ஈரப்பதம் தானே இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிலையாக நின்றது.

விளைவு எல்லோரையும் வியக்கவைத்தது. லண்டனில் பலகை ஓவியங்களின் வண்ணம் எழும்புவதும் உதிர்வதும் சாதாரணம். பழுதுபார்ப்பவர்களுக்கு ஓயாத வேலை. சுரங்கத்தில் அந்த வேலை மிகமிகக் குறைந்துபோயிற்று. 1945இல் போர் முடிந்து ஓவியங்கள் லண்டன் திரும்பியதும், குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்க, உதிர்தல் மறுபடி தொடங்கியது. படங்கள் அவையே, மரம் அதுவே; மாறியது காற்று ஒன்றுதான். இந்த அனுபவத்துக்குப் பிறகே காட்சிக்கூடங்களில் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் குளிர்சாதனம் முக்கியத்துவம் பெற்றது.

இன்றைக்கு மின்செலவையும் கருதி விதிகளைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். உலகின் பெரிய அருங்காட்சியக இயக்குநர்களின் பிஸோ குழு 2015 வாக்கில் வகுத்த நெறிப்படி, பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 40 முதல் 60 சதவீத ஈரப்பதமும் போதும். ஆனால் ஒரு நாளில் 10 சதவீதத்துக்குமேல் ஏற்றமோ இறக்கமோ கூடாது. இதிலும் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள்.

வெளிச்சமும் உலோகமும்

அருங்காட்சியகத்தில் சில அறைகள் மங்கலாக இருப்பதைப் பார்த்துக் குழந்தைகள், "லைட் போடமாட்டார்களா?" என்று கேட்பதுண்டு. அது சிக்கனம் அன்று. காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சமே உச்ச அளவு என்பது வழக்கம். வெளிச்சத்தால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், இரவில் குணமாகாது. தினம் 8 மணி நேரம், ஆண்டு முழுவதும் 50 லக்ஸ் என்றால் 1,46,000 லக்ஸ்-மணி. நேர் வெயிலின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். அதாவது, அருங்காட்சியகத்தில் ஓராண்டில் படும் வெளிச்சம், நேர் வெயிலில் ஒன்றரை மணி நேரத்தில் பட்டுவிடுகிறது! வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் செய்யும் கேடு தனி.

உலோகத்தின் கதை வேறு. மண்ணில் பலகாலம் புதைந்திருந்த செப்புத் திருமேனிகளில் உப்பின் குளோரைடு ஊறியிருக்கும். ஈரக்காற்று பட்டால் அது செம்பை அரிக்கத் தொடங்கி, வெளிர்பச்சைத் தூளாக உதிரும். ஒருமுறை தொடங்கினால் தானே தொடரும் நோய் அது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் எஸ். பரமசிவன் 1930களிலேயே மின்பகுப்பு முறையில் அந்தக் குளோரைடை வெளியேற்றிப் பல சிலைகளைக் காப்பாற்றினார். இன்று நாம் கண்டு வணங்கும் சோழர்காலத் திருமேனிகளுக்குப் பின்னே இத்தகைய உழைப்பு இருக்கிறது. நோயுள்ள செம்புக்கு வறண்ட காற்று வேண்டும். மரத்துக்கோ அவ்வளவு வறட்சி ஆகாது. அதனால்தான் தனித்தனிப் பேழைகள்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. படத்தைக் கூலர், ஏசி, ஹீட்டர் இவற்றின் காற்று நேராகப் படும் இடத்தில் மாட்டாதீர்கள். மழைநீர் ஊறும் வெளிச்சுவரும் வேண்டாம்.

2. சட்டத்தின் பின்னே நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோட்டம் விடுங்கள்.

3. நேர் வெயில் படக்கூடாது. விளக்குப் புகையும் ஊதுவத்திப் புகையும் படியும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

4. ஈரத்துணியால் துடைக்கவோ எண்ணெய் தடவவோ கூடாது. மென்மையான உலர்ந்த தூரிகை போதும்; பூச்சு எழும்பியிருந்தால் அதுவும் வேண்டாம்.

5. பட்டுப்புடவையை ஆண்டுக்கு இருமுறை மடிப்பு மாற்றி, பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

6. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி, காலை மாலை குறித்து வாருங்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒரு வருஷத்தில் உங்கள் வீட்டின் வரைபடமே கிடைத்துவிடும். 70 சதவீதத்துக்குமேல் பல நாள் நின்றால் பூஞ்சணம் வரும்.

7. உடைந்ததைக் கடைப் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். லக்னோவில் 1976இல் ஏற்பட்ட தேசியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம், பல நகரங்களில் உள்ள இன்டாக் பாதுகாப்பு மையங்கள் ஆகியவற்றில் இதற்கென்றே பயின்றவர்கள் இருக்கிறார்கள்.

ஓய்வு பெற்றபின் அத்தகைய ஒருவரிடம் என் படத்தைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "உதிர்ந்த துணுக்குகள் இருக்கின்றனவா, தூக்கிப் போட்டுவிட்டீர்களா?" என்பது. அம்மாவின் சிமிழை எடுத்து நீட்டினேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, "இதைச் செய்தவர் யார்? இந்தத் தொழில் தெரிந்தவரா?" என்றார். துணுக்குகளில் பாதிக்குமேல் தம் இடத்தில் மறுபடி உட்கார்ந்துவிட்டன. வெடிப்பு மட்டும் நூலிழைபோல இன்னும் தெரிகிறது.

அம்மா அதைப் பார்க்க இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு விடையை உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். இன்று மாலை, உங்கள் வீட்டுப் படத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.