ஒரு துண்டு போதும்

அன்புள்ள வாசகிக்கு,

திருமங்கலத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. நர்சரியில் வாங்கிய சிவப்புத் தலைக் கள்ளி ஏன் அழுகியது? வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுபோல் கள்ளி வளர்ப்பது ஆகாத காரியமா? இருக்கிற சில செடிகளைக் காசு செலவில்லாமல் எப்படிப் பெருக்குவது? இதே கேள்விகள் நம் பக்கத்தில் பலருக்கும் உண்டு. அதனால் எல்லோருக்கும் பயன்படும்படி பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிவப்புத் தலை. ஜிம்னோகாலிசியம் என்ற கள்ளியில் பச்சையம் இல்லாமல் பிறந்த மாறுபாடு அது. 1940களில் ஜப்பானில் கிடைத்த செடிகளைப் பெருக்கி உலகம் முழுக்க விற்கிறார்கள். பச்சையம் இல்லாததால் தனக்கான உணவை அது தானே செய்துகொள்ள முடியாது. அதனால்தான் மூன்று பட்டையுள்ள பச்சைத் தண்டு ஒன்றின் மேல் ஒட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது மதுரைப் பழக்கடைகளில் கிடைக்கும் ட்ராகன் பழத்தின் கொடிதான் அந்தத் தண்டு. தலை ஒரு வேகத்திலும் தண்டு ஒரு வேகத்திலும் வளர்வதால் நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சில ஆண்டுகள்தான் இந்தக் கூட்டு தாங்கும். ஆனால் உங்கள் செடி சில வாரங்களிலேயே போய்விட்டது என்றால் காரணம் தொட்டிக்குள் இருக்கிறது. லாரியில் ஏற்ற எடை குறைவாக இருக்கட்டும் என்று நர்சரிகளில் பெரும்பாலும் தென்னைநார்க் கழிவில்தான் வளர்க்கிறார்கள். மேலே காய்ந்து தெரியும்போதும் உள்ளே அது ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். நாம் மேல்மண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றுகிறோம்.

அதைக் கொட்டிவிட்டு நம் தோட்டத்து மண்ணைப் போடலாமா என்றால், திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் வட்டாரத்தில் பல இடங்களில் அது கரிசல். நனைந்தால் உப்பி இறுகும், காய்ந்தால் வெடிக்கும். பருத்திக்கு அது பொன்னான மண். கள்ளியின் மெல்லிய வேருக்கோ ஈரம் நிற்கும்போது மூச்சு முட்டும், வெடிக்கும்போது வேர் அறுபடும். நம் ஊரில் தொட்டிக் கள்ளிகள் தாகத்தால் சாவது அபூர்வம். வேருக்குக் காற்று இல்லாமல் சாவதுதான் அதிகம்.

ஆகவே கலவையை நீங்களே செய்யுங்கள். பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் ஜல்லி, அலசித் தூசி போக்கிய எம்-சாண்ட், செம்மண் மூன்றையும் சம பங்காக எடுங்கள். நன்றாக மக்கிய சாணி எரு ஒரு கைப்பிடி, கரித்துண்டு கொஞ்சம், வேப்பம் புண்ணாக்கு இரண்டு சிட்டிகை. இந்தக் கலவையில் தண்ணீர் ஊற்றினால் அரை நிமிடத்தில் அடித்துளை வழியே வெளியே வர வேண்டும். வராவிட்டால் ஜல்லியைக் கூட்டுங்கள். தொட்டி மண் தொட்டியாகவே இருக்கட்டும். மானாமதுரை மண்பாண்டம் நமக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிறது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். செடியை விட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத இடத்து ஈரம் அப்படியே கிடக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கிழமைக் கணக்கு வேண்டாம். ஒரு ஈர்க்குச்சியை அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள். காய்ந்து வந்தால் ஊற்றுங்கள். மண் ஒட்டி வந்தால் விட்டுவிடுங்கள். ஊற்றும்போது அடித்துளையில் வழியும் வரை ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அவ்வப்போது அதை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். கள்ளிகள் பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து காற்றை உள்ளே இழுக்கும். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், இரவும் ஆறாது. அந்த நாட்களில் செடி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அப்போது உரம் வைப்பது, தொட்டி மாற்றுவது, வெட்டுவது எதுவும் கூடாது. பச்சை வலை கட்டி உச்சி வெயிலைக் குறைத்து, சூரியன் இறங்கித் தொட்டி ஆறிய பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கவலை வேறு. நம் மதுரை மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. வலை மழையைத் தடுக்காது. ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சாய்வாகப் போட்டுத் தொட்டிகளை அதன் கீழ் நகர்த்திவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்து உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்களுக்குக் கள்ளிப்பால் புகட்டிய கொடுமை 1980களில் பத்திரிகைகளில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. அந்த நினைவுள்ள ஊரில் கள்ளியைக் கண்டால் ஒரு தாய் முகம் சுளிப்பது இயல்பு. ஆனால் அந்தப் பால், சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி போன்ற யூபோர்பியா இனங்களுடையது. நாம் பேசுகிற காக்டஸ் குடும்பம் வேறு. ஒரே ஒரு இனம் தவிர அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களைச் சொந்த மண்ணாகக் கொண்டவை. ரிப்சாலிஸ் பேரினத்தைச் சேர்ந்த அந்த ஒன்று ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும்கூட இயற்கையாக வளர்கிறது. அடையாளம் காண முள்ளின் அடியைப் பாருங்கள். காக்டஸில் ஒவ்வொரு முள் கொத்தும் பஞ்சு படர்ந்த ஒரு சிறு புள்ளியிலிருந்து கிளம்பும். பூ, குட்டி, கிளை எல்லாம் அங்கிருந்துதான் வரும். யூபோர்பியாவில் அந்தப் பஞ்சுப் புள்ளி இருக்காது. நர்சரியில் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து விற்பதால் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். யூபோர்பியாவை வெட்ட நேர்ந்தால் கையுறை போடுங்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து.

இன்னொன்றையும் பெரியவர்களிடம் சொல்லுங்கள். இரவில் பூத்தால் தெருவையே கூப்பிட்டு, விளக்கேற்றிக் கும்பிடுகிறோமே பிரம்மகமலம், அதுவும் காக்டஸ்தான். எபிஃபில்லம் என்ற அந்தச் செடியின் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். இலை என்று நாம் நினைப்பது உண்மையில் தட்டையான தண்டு. அதனால்தான் ஒரு துண்டைக் கிள்ளி நட்டாலே பிழைக்கிறது. குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் முள் செடி வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால் அது மட்டும் முழு நியாயம். கைப்பிடிச் சுவரை ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. பெருக்க ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. மழை ஓய்ந்திருக்கும், கோடை ஏறியிருக்காது.

எளிதானது குட்டி எடுப்பது. எக்கினாப்சிஸ், மமிலேரியாக்களில் பல வகைகள் பக்கத்தில் குட்டி போடும். கோலிக்குண்டு அளவு வந்ததும் இடுக்கியால் பிடித்து மெல்லத் திருகினால் கையோடு வரும். அடுத்தது வெட்டு. செரியஸ் போன்ற தூண் வகையைக் கூரான கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். கத்தியைச் சானிடைசரால் துடைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவாயின் ஓரங்களைப் பென்சில் சீவுவது மாதிரி சாய்வாகச் சீவிவிட வேண்டும். சீவாவிட்டால் காயும்போது நடு சுருங்கிக் குழிந்து, வேர் மண்ணைத் தொடாமல் போகும். பிறகு நிழலில், காற்றோட்டத்தில் நிறுத்தி வையுங்கள். குட்டிக்கு மூன்று நான்கு நாள், தடித்த தண்டுக்குப் பத்து நாளுக்கு மேல்கூட ஆகும். வெட்டுவாய் காய்ந்து, தொட்டால் தோல்போல் உறுதியாக இருந்தால் காய்ந்த கலவையின் மேல் நிற்க வைத்துக் குச்சி கொடுத்துக் கட்டுங்கள். புதைக்க வேண்டாம். வேர் விடும் முன் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஈரம் கண்டால் அழுகும். ஈரத்தைத் தேடித்தான் வேர் விடும். மூன்று வாரம் கழித்து லேசாக அசைத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் முதல் தண்ணீர்.

ஒட்டுக் கட்டப் பழக வேண்டுமென்றால் ட்ராகன் கொடியின் துண்டு ஒன்றை முதலில் வேர்விட வையுங்கள். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பச்சைச் சதையின் நடுவே வெளிறிய வளையம் ஒன்று தெரியும். செடியின் நீரும் உணவும் ஓடும் பாதை அது. மேலே வைக்கும் குட்டியிலும் அதே வளையம் இருக்கும். இரண்டு வளையங்களும் ஓரிடத்திலாவது தொட வேண்டும். அளவு ஒத்துப்போகாவிட்டால் ஓரமாக நகர்த்திக் குறுக்கிட வையுங்கள். ரப்பர் பேண்டைத் தொட்டியோடு சேர்த்து மாட்டி, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். அழுகத் தொடங்கிய செடியின் நல்ல தலையைக் காப்பாற்றவும் இதுதான் வழி.

ஆனால் நான் மிகவும் விரும்பிச் சொல்வது விதையைத்தான். மமிலேரியாவில் சிறு சிவப்புப் பழங்கள் எட்டிப்பார்க்கும். பிதுக்கி, வடிகட்டியில் அலசி, தாளில் உலர்த்தினால் கறுப்பு, பழுப்பு விதைகள் கிடைக்கும். சலித்த கலவையின் மேல் தூவி, மண் மூடாமல், அடியிலிருந்து நனைத்து, கண்ணாடி மூடி போட்டுக் கண் கூசாத வெளிச்சத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். விதையில் வந்த செடிக்கு நம் வெயிலும் நம் தண்ணீரும் பிறவியிலேயே பழக்கம். காளிம்பொங் போன்ற குளிர்ந்த மலை நர்சரிகளிலிருந்து இறங்கி வரும் செடி நம் மொட்டை மாடியில் முதல் வாரமே வெந்துபோகலாம்.

விதைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 2015இல் வெளிவந்த ஆய்வு 1,478 கள்ளி இனங்களைக் கணக்கெடுத்து, அவற்றில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. காட்டிலிருந்து செடியைத் தோண்டி விற்பதும் அதற்கு ஒரு காரணம். எல்லோர் வீட்டிலும் இருக்கும் கோல்டன் பேரலின் தாயகமான மெக்சிகோவில், 1990களில் கட்டிய சிமாபான் அணையின் நீரில் அதன் வாழிடத்தில் பெரும் பகுதி மூழ்கியது. விதையிலிருந்து வளர்த்தவர்களால்தான் இன்று அது உலகம் முழுக்க இருக்கிறது. வீட்டில் வளர்ந்த ஒரு குட்டியை நீங்கள் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது காட்டுச் செடிக்கு ஒரு கிராக்கி குறைகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கடமையையும் சொல்ல வேண்டும். ஒரு துண்டு போதும் என்ற இதே குணம்தான் ஒரு காலத்தில் இந்த நாட்டு நிலத்தை விழுங்கியது. 1780களின் பிற்பகுதியில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இங்கே வளர்க்க ஆசைப்பட்டு, சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது மட்டமான ரகம். சாயத் தொழில் எடுபடவில்லை. வேலிக்கு வைத்த கள்ளிகளோ விழுந்த மடலெல்லாம் வேர்விட்டுப் புஞ்சையையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடின. ஒரு வகைக் கள்ளியை அந்தப் பூச்சியே தின்று தீர்ப்பதைக் கண்டு, 1836-38இல் தென்னிந்தியாவில் அதைக் கள்ளிகளின் மேல் விட்டார்கள். களையை ஒழிக்க மனிதர்கள் பூச்சியைத் திட்டமிட்டு ஏவிய முதல் நிகழ்வுகளில் ஒன்று அது. நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளி வகையான நாகதாளியை அது தொடவில்லை. 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனம் வந்த பிறகுதான், சில ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் மீண்டது.

இன்றும் கண்மாய்க் கரையில் நாகதாளி மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். குங்குமச் சிவப்பு வழியும். அந்தப் பூச்சிதான். உங்கள் வீட்டில் முயல்காதுக் கள்ளி போன்ற மடல் வகை இருந்தால் அந்தக் குச்சியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தொட்டியில் வரும் மாவுப்பூச்சிக்குச் சிவப்பு வழியாது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அதற்குப் போதும்.

எனவே, வெட்டிக் கழித்த எந்தத் துண்டையும் குப்பை மேட்டிலோ ஓடையிலோ கண்மாயிலோ வீசாதீர்கள். எருக்குழியிலும் போடாதீர்கள். துண்டுதுண்டாக நறுக்கி, மாடி வெயிலில் தாளாகச் சுருங்கும் வரை காயவைத்த பிறகே கழியுங்கள். சீமைக்கருவேலத்தைப் பிடுங்க நம் மாவட்டம் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். வந்த செடியைத் திருப்பி அனுப்புவது தலைமுறைகளின் வேலை.

வரும் தை மாதத்தில் ஒரே ஒரு செடியில் தொடங்குங்கள். குட்டி வேர்பிடித்ததும் முதல் தொட்டியை, இந்தக் கலவையையும் தண்ணீர் முறையையும் எழுதிய சீட்டோடு, வளர்க்க மனமுள்ள ஒருவர் கையில் கொடுங்கள். கழித்த துண்டை என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்தச் சீட்டில் தவறாமல் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டத் தோழி