முன்பள்ளியில் பிள்ளை சொல்லும் சேதி



வீட்டையும் காய்கறித் தோட்டத்தையும் விட்டுப் புதிய இடத்துக்கு வந்தவுடன் அரிசி, தறப்பாள், அடையாள அட்டை என்றுதான் நாம் முதலில் அலைகிறோம். பிள்ளையை முன்பள்ளியில் சேர்க்கும்போதுகூட, சாப்பாடு உண்டா, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்பதோடு சரி. அங்கே நம் பிள்ளை சொல்லும் கதைகளை ஆசிரியை என்ன செய்வார் என்று கேட்பதில்லை. இம்முறை அதைப் படிப்போம்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு மறைக்கத் தெரியாது. அப்பா குடித்துவிட்டு வந்தது, அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, ராத்திரி மண் சரிந்தது எல்லாம் களிமண் உருட்டும்போதே வாயில் வந்துவிடும்.

நல்லதண்ணியை எடுத்துக்கொள்வோம். மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாதமலையின் அடிவாரம், சுற்றிலும் தேயிலை. லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். ஆசிரியை அதே தோட்டத்துப் பெண்ணாக, பிள்ளைக்குச் சித்தியாகவோ மாமியாகவோ இருப்பதும் உண்டு. பட்டணத்து ஆசிரியைக்கு இந்தச் சோதனை இல்லை. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது, "இன்னைக்கு ஒங்க பேத்தி என்ன சொன்னா தெரியுமா?" என்று அவர் தொடங்கினால் போதும். மறுநாள் பெரட்டில் அந்தக் குடும்பம் தலைநிமிர முடியாது.

முன்னாளில் பிள்ளைக்காம்பரா என்பது, தாய் கொழுந்தெடுத்துத் திரும்பும்வரை பிள்ளையை விட்டுவைக்கும் இடம் மட்டுமே. இன்று அது சிறுவர் அபிவிருத்தி நிலையம். பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தொழில் என்று ஆனபின் அதற்கு ஒழுக்கமும் உண்டு. வைத்தியர் நோயாளியின் சேதியைச் சந்தையில் பேசக்கூடாது அல்லவா? அமெரிக்காவின் சிறுபராயக் கல்வியாளர் சங்கமொன்று 1989இல் தன் ஒழுக்கக் கோவையை ஏற்றது. பிள்ளைக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பதே அதில் எல்லாவற்றுக்கும் மேலான விதி.

அந்த விதியே சில வேளைகளில் ஆசிரியையைப் பேசவும் வைக்கும். பிள்ளையை யாரோ அடித்துக் காயப்படுத்துகிறார், தகாத முறையில் தொடுகிறார் என்று தெரிந்தால் மௌனம் குற்றத்துக்குத் துணை. அப்போது ஆசிரியை பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்கக்கூடாது. பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே திகதியுடன் எழுதிவைக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைக்கப்பட்டது. அதன் 1929 என்ற இலக்கத்துக்குத் தமிழிலும் அறிவிக்கலாம். "தோட்டத்துக்குள்ளேயே பேசித் தீர்ப்போம்" என்று பெரியவர்கள் வருவார்கள். குற்றவாளி ஆசிரியையின் சொந்த அண்ணனாகவும் இருக்கலாம். சமரசம் பெரியவர்களுக்கு வசதி. பிள்ளையோ அதே காம்பராவுக்குத்தான் திரும்பிப் போகிறது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்பதே எம் கருத்து.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபின் மலையகத்தில் பல குடும்பங்கள் வீடிழந்து பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கின. இப்படியான இடங்களுக்கு உதவி கொண்டுவருவோர் கெமராவும் கொண்டுவருவர். "மண் எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்" என்று பிள்ளையை முன்னே நிறுத்துவர். பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய கதையை அங்குள்ள முதியவர்கள் விரும்பினால் சொல்வார்கள், விரும்பாவிட்டால் எழுந்து போவார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு எழுந்து போகத் தெரியாது. தடுக்க வேண்டியவர் ஆசிரியை. பொதி கிடைக்காமல் போகுமே என்று அவர் தயங்கினால், நீங்கள் மறுக்கலாம்; அது நன்றிகெட்ட செயல் ஆகாது.

நிறை அட்டையும் அப்படியே. "இவளுக்குத்தான் நிறை குறைவு" என்று எல்லார் முன்னும் வாசிக்காமல், தாயிடம் தனியே காட்ட வேண்டும்.

சேர்க்கும் நாளில் ஆசிரியையிடம் மூன்றைக் கேளுங்கள். பிள்ளை சொல்வதை யாரிடம் சொல்வீர்கள்? படம் எடுக்க வந்தால் எங்களிடம் கேட்பீர்களா? பிள்ளையை யார் கையில் விடுவீர்கள்? கடைசிக் கேள்விக்கு நீங்களே இரண்டு பெயர்களை எழுதிக்கொடுங்கள். மார்கழி முதல் வைகாசி வரை யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணியில் முன்பின் தெரியாத முகங்கள் நிறைய வந்துபோகும். பட்டியலில் இல்லாத உறவினர் வந்து, ஆசிரியை பிள்ளையை அனுப்ப மறுத்தால், அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.