எழுதியதைத் திருத்துதல்

தில்லியில் பயிலும் மாணவி ஒருத்தி, ‘கோடை விடுமுறை’ என்னும் தலைப்பில் பின்வருமாறு எழுதினாள்:

“எங்க பாட்டி ஊர்ல கீரை கடை வச்சிருக்காங்க. கடை முன்னாடி இரண்டு வேப்பமரங்கள் நிற்கிறது. மாலையில் அங்கே கிலி வரும். பாட்டி அதுக்கு நெல் போடுவாங்க.”

அவள் கண்டதும் மகிழ்ந்ததும் உண்மை. ஆயினும், படிப்பவர் அவற்றைக் காணுமுன் பிழைகளில் இடறி நிற்பர். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக அமைந்துள்ளது. அவ்வரிசையிலேயே கட்டுரையையும் மும்முறை படித்துத் திருத்தலாம்.

1. எழுத்து

இந்தியில் ளகர, ழகர ஒலிகள் வழங்குவதில்லை. ஆகவே, இந்தி பேசும் நகரங்களில் வளரும் பிள்ளைகளுக்கு ல, ள, ழ ஆகியவை ஒன்றுபோல் ஒலிக்கக்கூடும். கிளி என்பது பறவை. கிலி என்பது அச்சம். ஓரெழுத்து மாறியதால் மாலைதோறும் அச்சம் வந்து நெல் தின்கிறது! அவ்வாறே, ‘கீரை கடை’ என்பது கீரையைக் கடையச் சொல்லும் ஏவல். கீரை விற்கும் இடம் ‘கீரைக்கடை’.

2. சொல்

‘எங்க’, ‘வச்சிருக்காங்க’ என்பன பேச்சு வழக்கு. வீட்டில் அவ்வாறு பேசுவது பிழையன்று. பேச்சு ஊருக்கு ஊர் வேறுபடும். எழுத்து வழக்கோ மதுரையார்க்கும் கோவையார்க்கும் பொது. ஆகவே, கட்டுரையில் ‘எங்கள்’, ‘வைத்திருக்கிறார்’ என எழுதுக. எழுவாய் பன்மையாயின் பயனிலையும் பன்மையாதல் வேண்டும்: மரம் நிற்கிறது, மரங்கள் நிற்கின்றன.

3. பொருள்

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியவற்றை மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி காணலாம். கடையைப் பற்றிய பத்தியில் தொடர்வண்டிப் பயணத்தை விரிப்பது இரண்டாம் குற்றம். ஆனால், கிளிக்கு நெல் போடும் பாட்டி அம்மாணவிக்கே உரிய செய்தி. அதனை நீக்கி, ‘இயற்கை எழில் கொஞ்சியது’ என எழுதினால் பிழை இராது, பாட்டியும் இருக்கமாட்டார். திருத்தம் பிழையை மட்டுமே நீக்க வேண்டும்.

திருத்திய வடிவம்

“எங்கள் பாட்டி ஊரில் கீரைக்கடை வைத்திருக்கிறார். கடையின் முன் இரண்டு வேப்பமரங்கள் நிற்கின்றன. மாலையில் அங்கே கிளி வரும். பாட்டி அதற்கு நெல் போடுவார்.”

பயிற்சி

அ. பிழை நீக்கி எழுதுக:
1. தாத்தா வாலைப்பழம் வாங்கினாங்க.
2. மாடுகள் வயல்ல மேய்கிறது.

ஆ. உறவினர் ஒருவரைப் பற்றி, நீங்கள் மட்டுமே அறிந்த செய்தி ஒன்று இடம்பெற, ஐந்து தொடர்கள் எழுதுக. பின்னர் மும்முறை படித்துத் திருத்துக.