நன்றாகத்தானே இருக்கிறேன்!

எங்கள் எழுத்தறிவு மையத்தில் ஓர் அக்கா படிக்கிறார். வயது 36. திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்து முதல் முறையாகக் கருவுற்றார். அது ஏழாம் மாதம்.

"அக்கா, இந்த மாதம் பரிசோதனைக்குப் போனீர்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னம்மா? நன்றாகத்தானே இருக்கிறேன். போனால் ஒரு நாள் கூலி போய்விடும்" என்றார்.

நான் விடவில்லை. மறுநாள் இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸ் அக்காவின் கையில் பட்டையைக் கட்டி இரத்த அழுத்தம் பார்த்தார். 150/100 இருந்தது. சிறுநீரில் புரதமும் இருந்தது.

"எனக்கு வலியே இல்லையே!" என்று அக்கா திகைத்தார்.

"அதுதான் ஆபத்து" என்றார் நர்ஸ். "இரத்த அழுத்தம் வெளியே தெரியாமல் ஏறும். அளந்தால்தான் தெரியும். கர்ப்பிணிக்கு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது அதிகம். கவனிக்காவிட்டால் வலிப்பு வரலாம். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து."

சிலர் இந்த வலிப்பைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்கப் போகிறார்கள். இது பேய் அல்ல, நோய். இதற்கு மருந்து உண்டு.

யாருக்கு இது வர வாய்ப்பு அதிகம்?

• முதல் முறை கருவுற்றவர்
• 35 வயதைத் தாண்டியவர்
• மிகச் சிறிய வயதில் கருவுற்றவர்
• இரட்டைக் குழந்தை சுமப்பவர்
• உடல் பருமன் உள்ளவர்
• முன்பே இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்
• முந்தைய பேறுகாலத்தில் இது வந்தவர்
• தாய்க்கோ சகோதரிக்கோ பேறுகாலத்தில் இது வந்திருந்தால்

இவை எதுவும் இல்லாதவருக்கும் வரலாம். எனவே எல்லாக் கர்ப்பிணிகளும் ஒவ்வொரு பரிசோதனையிலும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 2016 முதல் நாடு முழுவதும் மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது.

கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், வலிப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிள்ளை பெற்ற பிறகும் இவை வரலாம்.

அக்காவைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். மருந்து கொடுத்துக் கவனித்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். இப்போது அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எழுதப் பழகுகிறார்.

பேசுவோம்

1. உடம்பு நன்றாக இருந்தாலும் ஏன் அளந்து பார்க்க வேண்டும்?
2. உங்கள் தெருவில் கர்ப்பிணி யார்? கடைசியாக எப்போது அளந்தார்? கேட்டு வாருங்கள்.