காட்டாமணக்கும் கடலைக் கொல்லையும்

நிலத்தில் விளையும் எண்ணெயைக் கொண்டு யந்திரம் ஓட்டலாம் என்னும் எண்ணம் புதிதன்று. 1900-ம் வருஷம் பாரிஸ் பொருட்காட்சியில் டீஸல் யந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயினால் ஓட்டிக் காட்டப்பட்டது. பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக் கடலை விவசாயிகளுக்கு இது சற்று வியப்பாயிருக்கக்கூடும். ஆயினும் உண்ணும் எண்ணெயை எரித்தல் தகாது என்று கருதி, நம் நாட்டார் கவனம் காட்டாமணக்கின் மேற் சென்றது. 2003-ல் மத்தியத் திட்டக் கமிஷன் அமைத்த குழு, இச்செடியைப் பெருவாரியாக நடும்படி சிபாரிசு செய்தது. விதையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு எண்ணெய் உண்டு, ஆடுமாடுகள் கடியா, நீரும் அதிகம் வேண்டா என்று சொல்லப்பட்டது.

வேலியில் நட்ட காட்டாமணக்கு கோடையிலும் பட்டுப்போவதில்லை என்பது மெய்யே. ஆனால் சாகாதிருத்தல் வேறு, காய்த்தல் வேறு. கணக்குப் பிழைத்தது இவ்விடத்திலேதான்.

பார்ஸிலோனா தன்னாட்சிச் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளரான பெரே அரிஸா மொந்தோபியோ என்பவர், சரச்சந்திர லேலே என்பாருடன் கூடிக் கோயம்புத்தூர், திருவண்ணாமலை ஜில்லாக்களில் இப்பயிரை இட்ட விவசாயிகளிடையே விசாரித்து, 2010-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். மகசூல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, சாகுபடி கட்டுப்படியாகவில்லை, கட்டுப்படியாக வேண்டுமானாலும் அது பாசன நீரைப் பொறுத்தது, நஷ்டம் ஏழைக் குடிகளையே அதிகம் தாக்கியது என்பன அவற்றுட் சில. கிணற்றில் நீருள்ளவர் அந்நீரைக் கரும்புக்கோ நெல்லுக்கோ விடுவாரேயன்றிக் காட்டாமணக்குக்கு ஏன் விடுவார்?

மானாவாரிக் கடலையோ சில மாதங்களில் பருப்பைத் தருகிறது. பிண்ணாக்கும் கொடியும் மாட்டுக்கு ஆகின்றன. காட்டாமணக்குப் பிண்ணாக்கு விஷமுள்ளது. எருவாக இடலாமேயன்றிக் கால்நடைக்குக் காட்டவே கூடாது. ஆகவே கடலைக் கொல்லையை இதற்கு விட்டவர் வருமானத்தோடு தீவனத்தையும் இழந்தவராவார். கம்பெனிகளுடன் ஒப்பந்தம் செய்வோர், விதையை எந்த விலைக்கு, எத்தனை வருஷம் வாங்குவார்கள் என்பதை எழுத்தில் பெறாமல் ஒரு கன்றும் நடலாகாது.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அடங்கலில் தரிசு என்று எழுதப்பட்ட நிலமெல்லாம் வெறும் நிலமன்று. ஊராட்டுக்கு மேய்ச்சலும் அடுப்புக்கு விறகும் அங்கிருந்தே வருகின்றன. அந்நிலத்தை எண்ணெய்ப் பயிருக்கு ஒதுக்குமுன், நிலமற்றவர்களைக் கேட்டறிதல் முறை.

எரிபொருள் வேண்டுவோர்க்கு நிலம் இழவாத வழி சாண எரிவாயுவே. நாலைந்து மாடுகளின் சாணம், நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ, இரண்டு கனமீட்டர்க் கலத்துக்குப் போதும். அது ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிக்கும். கழிவு நீரோ கொல்லைக்கு நல்ல எரு. புங்கமரத்தை வரப்போரத்திலும் ஏரிக்கரையோரத்திலும் வைக்கலாம். அதன் விதையிலும் எண்ணெயுண்டு, பிண்ணாக்கும் உரமாகும். காய்க்கச் சில வருஷம் செல்லும். காட்டாமணக்கை விரும்புவோர் வேலிக்காலோடு நிறுத்திக்கொள்வாராக.