வேலைத்தளத்தில் பாரபட்சம்: காரணங்களும் விளைவுகளும்

தகுதியையும் உழைப்பையும் பாராது பால், இனம், மதம், சாதி முதலியவற்றைக் கொண்டு ஊழியரை வேறுபடுத்தி நடத்துவதே வேலைத்தளப் பாரபட்சமாகும். உதாரணத்துக்கு வட்டகொடையைச் சூழவுள்ள தேயிலை மலைகளே போதும். 1984 வரை தோட்டங்களில் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்தை விடக் குறைவாக இருந்தது.

காரணங்கள்

1. ஆணே குடும்பத்தைக் காப்பவன், பெண்ணின் சம்பளம் மேலதிக வருமானம் என்ற எண்ணம்.
2. கொழுந்து பறிப்பது இலேசான வேலை என்ற தவறான மதிப்பீடு. கவ்வாத்து வெட்டும் ஆண்கள் பெரும்பாலும் நேரத்தோடு வீடு திரும்ப, பெண்கள் மாலை வரை மலையில் நின்றனர்.
3. தொழிற்சங்கத் தலைமையில் பெண்கள் அரிதாக இருந்தமை.

விளைவுகள்

1. குடும்ப வருமானம் குறைந்தது.
2. ஊழியர் சேமலாப நிதி சம்பளத்தின் வீதமாகவே கணிக்கப்படும். எனவே முதுமையில் பெண்ணுக்குக் கிடைக்கும் பணமும் குறைந்தது.
3. பெண்ணின் உழைப்பு வீட்டிலும் மதிப்பிழந்தது.

1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடை செய்தது. ஆயினும் தோட்டங்களில் சம சம்பளம் கிடைத்தது, 1984இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பின்னரே. இன்றும் கொழுந்து பறிப்போரில் பெரும்பான்மையினர் பெண்கள். கங்காணிகளில் பெரும்பான்மையினர் ஆண்கள். சம்பளம் சமமானாலும் பதவி சமமாகவில்லை.

கவனிக்க: விடையில் காரணத்தையும் விளைவையும் கலக்காதீர்கள். “ஏன் நடந்தது?” என்பதற்கு விடை காரணம், “அதனால் என்ன நடந்தது?” என்பதற்கு விடை விளைவு.

பயிற்சி: உங்கள் பிரதேசத்து வேலைத்தளமொன்றில் காணப்படும் பாரபட்சம் ஒன்றுக்கு இரண்டு காரணங்களும் இரண்டு விளைவுகளும் எழுதுக.