கழுத்துக் கட்டியும் குட்டி ஆர்.என்.ஏ.வும்

"டாக்டர், அப்ப என் கழுத்தைச் சும்மாவா அறுத்தாங்க?"

போன மாதம் என்னிடம் இப்படிக் கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியை. முன்கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. கழலை கரைய லேகியம் வேண்டும் என்று முதலில் என்னிடம்தான் வந்தார். எச்சில் விழுங்கும்போது கட்டியும் மேலே ஏறி இறங்கியது. தைராய்டுக் கட்டிக்கு அதுதான் அடையாளம். "முதல்ல ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் செய்துட்டு வாங்கம்மா, லேகியம் எங்கேயும் ஓடிப்போகாது" என்று அனுப்பி வைத்தேன்.

'புற்றுநோய் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை' என்று முடிவு வந்தது. சுரப்பியில் பாதியை எடுத்துப் பார்த்தார்கள். சாதுவான கட்டி!

சும்மா அறுக்கவில்லை. தைராய்டுக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவைதான். ஆனால் சில வகைப் புற்று, கட்டியின் உறையைத் துளைத்திருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஊசியில் வரும் நாலு செல்லில் உறையை எங்கே பார்ப்பது?

இந்த இழுபறியில்தான் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் உதவிக்கு வருகின்றன.

வீட்டில் மளிகைச் சீட்டு எழுதுகிறோம். அதைப் பார்த்துக் கடைக்காரர் சாமான் கட்டித் தருகிறார். மரபணுவில் உள்ள குறிப்பை எடுத்துப்போகும் ஆர்.என்.ஏ.வும் அப்படி ஒரு சீட்டுதான். சாமான் என்பது புரதம். ஆனால் புரதமே செய்யாத ஆர்.என்.ஏ.க்களும் ஏராளம். அவற்றில் மிகச் சிறியவற்றுள் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ. மொத்தமே சுமார் 22 எழுத்துகள். வழியில் சீட்டை மறித்து, 'இது வேண்டாம்' என்று அடித்துவிடுவது இதன் வேலை. (மாமியார் என்று நான் எழுதவில்லை, நீங்கள்தான் நினைத்தீர்கள்!)

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 1993-ல், அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவரும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இது வேலை செய்யும் விதத்தைக் கண்டு சொன்னார்கள். புழு சமாச்சாரம்தானே என்று பல வருடம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024-ல் நோபல் பரிசு!

தைராய்டில் அதிகம் வருவது பாப்பில்லரி வகைப் புற்று. இதில் 146-பி, 221, 222 என்ற எண்ணுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் பல மடங்கு பெருகியிருப்பது 2005-ல் தெரியவந்தது. 221, 222 இரண்டும் அடித்துவிடும் சாமான்களில் ஒன்று 'பி-27' புரதம். செல் பிரிவதற்கு அது பிரேக் மாதிரி. பிரேக் போனால் செல்கள் இஷ்டத்துக்குப் பெருகும்.

ஊசியில் எடுத்த அதே மாதிரியிலேயே இவற்றை அளக்கலாம். சிறியவையாக இருப்பதால் சீக்கிரம் சிதைவதில்லை. 2015 வாக்கில் அமெரிக்காவில் இத்தகைய பரிசோதனைகள் புழக்கத்துக்கு வந்தன. செலவு அதிகம்; முடிவு நூற்றுக்கு நூறு சரி என்றும் சொல்ல முடியாது. சந்தேக முடிவு வந்தவர்களுக்குத்தான் இது உபயோகம்.

'ரத்தத்தில் டி.எஸ்.எச். நார்மல், பயமில்லை' என்று வருடக்கணக்கில் பற்றுப் போட்டுவிட்டு, குரல் கம்மிய பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஹார்மோன் சரியாக இருந்தாலும் கட்டியில் புற்று இருக்கலாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: என்ன கட்டி என்று தெரியும்வரை என் பற்றும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். ஸ்கேன் பார்த்த டாக்டரே ஊசி தேவையில்லை என்றால் சரி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆசிரியை, "அப்ப மீதிப் பாதிக்கு லேகியம் தருவீங்களா?" என்றார். அந்தப் பாதி போதுமான அளவு சுரக்கிறதா என்று டி.எஸ்.எச். பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.